வெட்டி எடுத்த காட்சி

நெய்வேலி,
12.10.2014

அன்புள்ள தம்பி சுபாஷுக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறாயா? புனேயில் மழை விட்டதா? போனில் அப்பா பேச்சை எடுத்ததும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால் குறிஞ்சிப்பாடியில் வாடகை வீடு தேடுகிறோம். உன் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன்.

அப்பா குடியை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. அம்மா இன்னும் நம்பவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பாட்டுத் தூக்கை வாங்கும் சாக்கில் அவர் முகத்தருகே போய் மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். அப்பாவும் தெரிந்தேதான் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறார்.

ஞாயிறு மதியங்கள்தான் அவருக்குக் கஷ்டம். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் காலையில் முடிந்ததும் மூன்று பேரை வீட்டுக்கு அழைத்து வருவார். நான் படம் போடுவேன். நம் படங்களில் குடிகாரன் என்றால் தடுமாறி விழுந்து சிரிக்க வைப்பவன்தானே. அந்த இடங்களில் நால்வரும் தரையைப் பார்ப்பார்கள். குடித்து மீண்ட ஒருவனின் கதை இருந்தால் போடச் சொன்னார்கள். ஒரு பழைய படம் கிடைத்தது. பாட்டிலைப் பார்த்தால் மனம் தேடுமோ என்ற பயத்தில், அவன் குடிக்கிற இடம், தள்ளாடுகிற இடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டுப் போட்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் படம் முடிந்துவிட்டது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் செங்குட்டுவன் என்பவர் நல்ல கிண்டல்காரர். "ஏம்மா, இந்த ஆளு ஒண்ணுமே பண்ணலியே. எதுக்கு இப்படி அழுதுகினு கெடக்கறான்?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வெட்டியதையும் போடச் சொன்னார்.

போட்டேன். அதில் ஒரு காட்சி. மகனின் பள்ளி விழாவுக்குக் குடித்துவிட்டு வருகிறான் தகப்பன். யாரென்று ஆசிரியர் கேட்க, தெரியாது என்கிறான் பையன்.

ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் நீ பரிசு வாங்கிய நாள் உனக்கு மறந்திருக்காது. "யாரோ, சார்" என்று நீ சொன்னது அப்பா காதில் விழவில்லை என்றுதான் நாம் இத்தனை வருடம் நினைத்திருந்தோம். அந்தக் காட்சி ஓடும்போது அப்பா என் பக்கம் திரும்பினார். "இந்த எடத்த வெட்டிட்டா, நான் எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறது?" என்றார்.

நான் படத்தை மட்டும் வெட்டவில்லை, தம்பி. ஒவ்வொரு முறை நீ போனை வைத்த பிறகும், சுபாஷ் உங்களை விசாரித்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆடி மாதம் ஒரு நாள் அவர் மதுக்கடை வாசல்வரை போய், அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததை உன்னிடம் மறைத்தேன். இருவருக்கும் நடுவே இப்படி வெட்டி வெட்டியே எனக்கு அலுத்துவிட்டது.

31ஆம் தேதி அவருக்குக் கடைசி ஷிஃப்ட். மாலை போட்டு அழைத்துப் போவார்கள், பார்ட்டி கேட்பார்கள். வழக்கம் உனக்குத் தெரியும். முப்பது வருடம் கூட வேலை செய்தவர்கள் கிளாஸை நீட்டினால் மறுக்கும் தெம்பு இருக்குமா என்று அவருக்கே சந்தேகம். செங்குட்டுவன் கேட் வாசலில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா சரி என்றார். பிறகு சட்டையை மடித்துக்கொண்டே, "சுபாஷுக்கு லீவு கெடைக்காது, இல்ல?" என்று கேட்டார். வழக்கம்போல் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இந்த முறை, தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவரை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானே இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. நீ வராவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு.

வந்தால், இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் விடும்போது கேட் எதிரே நில். பேச வேண்டியதில்லை. யாராவது உன்னை யாரென்று கேட்டால் மட்டும், மகன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா உமாராணி