கேசட்டின் முதுகில் ஒரு பொட்டு

2003 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வெயில், காற்றே இல்லை. ஆடியில் எதுவும் புதிதாக வாங்கக் கூடாது, பதினெட்டுக்கு மட்டும் விலக்கு. எனவே கம்ப்யூட்டர் இன்று வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் நம் ரேடியோ ரிப்பேர் பாய். இப்போது போர்டை மாற்றி கம்ப்யூட்டர் பாய். ஒயரைச் செருகும் முன் சரோஜா (இனி ச.; டைரியில் இடம் கம்மி) மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். பாய் ஓரமாக நின்று பொறுத்துக்கொண்டார்.

வேலை: அலமாரியில் உள்ள கேசட் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இன்றைய நிலவரம்:

நாகஸ்வரம் - பூஞ்சை.
வானொலியில் பிடித்த கச்சேரிகள் - ராகம் சூடுபிடிக்கும்போது மாநிலச் செய்திகள்.
தெருக்கூத்து - கூத்தைவிட நாய் ஜாஸ்தி.
மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன சினிமாப் பாட்டு - பூரண ஆரோக்கியம்.
ச. பாடியது - ஒன்றே ஒன்று.

கடைசியானதற்காகத்தான் இந்தச் செலவே. 89-இல் இதே கூடத்தில், டூ-இன்-ஒன் டேப் முன்னால் உட்காரவைத்துப் பதிந்தது. 96-இல் கழுத்தில் ஆபரேஷன். பேச்சு திரும்ப வந்தது, பாட்டு வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேசட்டை அவளும் போடச் சொல்லவில்லை, நானும் போடவில்லை. போன மாதம் திடீரென்று கேட்டாள். "கம்ப்யூட்டர் வந்தா என்னுதையும் ஏத்துவீங்களா?"

முதலில் மற்றதில் கை பழக வேண்டும். அவளுடையது கடைசியில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேங்கிக்காலில் ஆபீஸ். தணிக்கைப் பிரிவில் மின்விசிறி மட்டும் வேலை செய்தது.

மாலை: டேப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் முதுகுக்கு ஒயர். முதுகில் மூன்று ஓட்டைகள், மூன்று நிறம். ரோஸில் செருகினேன். நாகஸ்வரம் மிக்சியில் மாட்டியதுபோல் வந்தது. பாய்க்குப் போன்.

"ரோஸ் மைக்குக்கு சார். நீலத்துல குத்துங்க."

நீலத்தில் குத்தினேன். நாகஸ்வரம் வந்தது. கூடவே ஒரு ரீங்காரம், வண்டு உள்ளே குடியிருப்பதுபோல. பாய் நேரில் வந்து காதை வைத்துக் கேட்டு, "இது சுருதிப் பெட்டி இல்லீங்களா?" என்றார். பிறகு எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்து, நான் கேட்காத இரண்டு சாமான்களையும் விற்றுவிட்டுப் போனார். வண்டு பாதி ஒழிந்தது.

பதியும்போது ஒலி திரையில் பச்சைக் கோடாக மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. நேரம் போவது தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் தூறல். கை பழகிவிட்டது. ச. கேசட். அவளைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு நாற்காலி போட்டேன்.

பொத்தானை அழுத்தினேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு:

"பெரியோர்களே, தாய்மார்களே."

தணிகாசலம் (இனி த.). ச.வின் அண்ணன், என் மச்சான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாதாமாதம் பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் பந்தல் போட்டு கிரிவலம் வருகிறவர்களுக்குச் சொற்பொழிவு ஆற்றுபவர். நடந்து களைத்தவர்களால் எழுந்து ஓட முடியாது என்பதை அறிந்தவர்.

ஓடவிட்டேன். எல்லாம் அவரே. திருப்பிப் போட்டேன். அங்கேயும் அவரே. ஆபரேஷன் முடிந்த கையோடு, "தங்கச்சி பாட்டை எங்க வீட்டுல எல்லாரும் கேக்கணும் மாப்ள" என்று வாங்கிப் போனவர். பல மாதம் கழித்து ஆப்பிளோடு திருப்பிக் கொடுத்தார். ஆப்பிளைப் பார்த்தோம். கேசட்டைப் பார்க்கவில்லை.

வெளியே எடுத்துப் பார்த்தேன். யாரும் மேலே பதியக் கூடாதென்று, அன்றைக்கே முதுகுப் பக்கத்துப் பிளாஸ்டிக்கை ஸ்குரூ டிரைவரால் உடைத்து வைத்தவன் நான். உடைத்த ஓட்டையின் மேல் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. பெரிய சைஸ். த.வின் மனைவி மல்லிகா வைப்பது. ஓட்டையை அடைத்தால் பதியலாம் என்பது தெரிந்திருக்கிறது. அந்த ஓட்டை எதற்காக என்பது தெரியவில்லை.

ச. பொட்டைப் பார்த்தாள். "அண்ணியோடது" என்றாள். எழுந்து போய் அரிசி களைந்தாள்.

மதியம் சாப்பிடும்போது யோசித்தேன். பழிவாங்க உள்ள வழிகள்:

நேரில் கேட்பது. அழுவார்.
மொட்டைக் கடிதம். பிழையில்லாமல் எழுதினால் நான்தான் என்று தெரிந்துவிடும்.
அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது. வடை நன்றாக இருக்கும்.

தற்போதைக்குச் சாட்சியத்தைத் திரட்டலாம். இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவர் குரல் ஓடும்போது அறையில் இருக்கப் பிடிக்காமல் மாடியில் துணி எடுத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸ் விட்டு வந்ததும் சாட்சியத்தைப் பரிசீலித்தேன். சொற்பொழிவு அல்ல, ஒத்திகை. கண்டெடுத்த பகுதி, சொல்லுக்குச் சொல்:

"...அந்தத் தாய் மலையைச் சுத்தி வந்து, அப்பா, என் மவனைக் காப்பாத்துனு விழுந்தா. இங்க நிறுத்தணும். இங்கதான் அழணும். ஏ மல்லிகா, சரியா இருக்குதா?"

"கம்மியா அழுங்க. போன மாசம் ஜாஸ்தியாயிடுச்சு. மூக்கு ஒழுவுது."

"மூக்கு ஒழுவினாதான்டி நம்புவாங்க."

மூன்று தடவை கேட்டேன். நெடுநாளைக்குப் பிறகு சங்கீதம் கேட்ட திருப்தி.

திரையில் த. குரல் கோட்டைச் சுவர் மாதிரி நிற்கிறது. ஏற்ற இறக்கம் கிடையாது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் சுவர் முடிந்து, கொஞ்சம் வெட்டவெளி. அதற்கப்பால், திரையின் வலது ஓரத்தில், சின்னச் சின்ன மேடுகள். காதில் விழும் முன் கண்ணில் பட்டது. மச்சானுக்குப் பேச்சு தீர்ந்துபோயிருக்கிறது. டேப் தீரவில்லை.

ச.வைக் கூப்பிட்டேன். கையில் மாவோடு வந்தாள். கடைசிப் பாட்டின் கடைசி நான்கு வரி. பிறகு அவளே, அந்த நாள் குரலில்: "பால் பொங்குது, இருங்க." டக்.

நின்றுகொண்டே கேட்டாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"மீதி?"

"மீதியிலதான் உங்க அண்ணன் இருக்காரு."

போனாள். மாவைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். "இன்னொரு தடவ போடுங்க."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பௌர்ணமி. ஊர் முழுக்க பஸ். அரை நாள் லீவு போட்டு அடி அண்ணாமலைக்கு நடந்தேன். பக்தி அல்ல, கள ஆய்வு. மண்டகப்படியில் சுண்டல், உப்பு கம்மி.

த. மேடையில். அதே தாய், அதே மகன். துண்டு வலது தோளிலிருந்து இடது கைக்கு வந்தபோதே தெரிந்துவிட்டது. நிறுத்தினார். அழுதார். மூக்கு ஒழுகியது.

பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அம்மாள்: "எத்தினி வாட்டி சொன்னாலும் இவருக்கு நெஜமாவே அழுவாச்சி வருது பாருங்க."

"பயிற்சிங்க" என்றேன்.

"ஆமாங்க, தவம்" என்றாள் அந்த அம்மாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கொடியேற்றிய கையோடு த. பத்திரிகையும் தட்டுமாக வந்தார். அறுபதாம் கல்யாணம், 24-ஆம் தேதி, கிரிவலப் பாதை மண்டபம். "ஊர் உலகம் திருக்கடையூர் போவுது. நமக்கு அண்ணாமலையார் இருக்காரு" என்றார். நட்சத்திரம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருக்கிறது. விழாவிட்டாலும் விழவைத்திருப்பார்.

கம்ப்யூட்டரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதுல பாட்டு வருதா மாப்ள?"

"வருது மச்சான்."

"அப்ப இதையே மண்டபத்துக்குக் கொண்டாந்துடுங்க. கம்ப்யூட்டர்ல பாட்டுனா ஜனம் பாக்கும். ஹாரன் ஸ்பீக்கர் நான் ஏற்பாடு பண்றேன். அப்புறம், நம்ம பாப்பா பாடின கேசட் ஒண்ணு இருந்துச்சே? அதையும் போடுங்க. என் தங்கச்சி குரலை ஜனம் கேக்கட்டும். நான் அதைத் திருப்பிக் குடுத்துட்டேன்ல?"

ச. காபித் தம்ளரோடு நின்றாள். காபி ஆடவில்லை.

"குடுத்துட்டீங்க மச்சான். வாங்கினதுக்கு மேலயே குடுத்தீங்க."

"அதைக் கண்டிப்பாப் போட்டுடுங்க."

"நீங்க சொல்லிட்டா சரி" என்றேன். எனக்கு இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாக அலுவலக ஆணை பிறப்பித்ததில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. ஆடி முடிந்தது. கம்ப்யூட்டரில் வெட்டும் வேலை. அசலைப் பத்திரமாக வைத்துவிட்டு, நகலில் முன்னுரையைச் சுருக்கினேன். அழுகைக்கு முன்னால் கொஞ்சம் மேடை வேண்டும். அழுகையை அப்படியே விட்டேன்.

ச. பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. முழுதும் கேட்டிருக்கிறாள். தடுப்பாள், கூடப்பிறந்தவர் என்பாள் என்று நினைத்து, பதில்களைத் தயாராக வைத்தேன்.

"என் பாட்டும் இதுல வருதா?"

"கடைசியில வைக்கலாம்னு."

"அது வேணாம். அது வீட்டுல இருக்கட்டும்."

"மத்தது?"

"மத்தது அண்ணன் கேட்டதுதான?" போகிறவள் வாசலில் நின்றாள். "அண்ணி பேசறது சின்னதாக் கேக்குது. அந்த எடத்துல மட்டும் சத்தத்தை ஏத்துங்க."

இருபத்தாறு வருடமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன். தயாரித்த பதில்கள் வீண்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நல்ல வெயில். கம்ப்யூட்டர் ஆட்டோவில், ச.வின் பழைய சேலை சுற்றி, மடியில். மண்டபத்தில் மல்லிகா வந்து அதற்குச் சந்தனம் தெளித்தாள். நெற்றியில் அதே மெரூன்.

காலை முழுக்க நாகஸ்வரம் போட்டேன். நேரில் நாகஸ்வரம் வாசிக்க வந்தவர்கள் என்னை நட்பாகப் பார்க்கவில்லை.

தம்பதியை மணையில் உட்காரவைத்துக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். ஈர வேட்டி, கழுத்தில் மாலை; நினைத்தபோது எழ முடியாத நிலை. த. என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "மாப்ள, பாப்பா கேசட்டு" என்றார்.

ஆணைப்படி போட்டேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே" வந்ததும் த. பூரித்துப்போனார். தனக்கு ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்று நினைத்தார். சபை அடங்கியது. தாய் மலையைச் சுற்றினாள், விழுந்தாள். இங்க நிறுத்தணும். இங்கதான் அழணும். ஐயர் செம்போடு நின்றார். "கம்மியா அழுங்க" ஹாரனில் கிரிவலப் பாதை வரை போனது. சிரிப்பு முதலில் சமையல் கட்டில்தான் ஆரம்பித்தது. "மூக்கு ஒழுவினாதான்டி" வந்தபோது முன்வரிசைக்கு வந்துவிட்டது.

"மாப்ள, நிறுத்துங்க. என்ன கேசட் இது?"

"நீங்க கேட்டதுதான் மச்சான். வேற இல்ல."

அவருடைய மகன் சுவிட்சை நோக்கி வந்தான். சுவிட்சுப் பலகையில் முதுகைச் சாய்த்து ச. நின்றாள். "அத்தே, நகருங்க." அத்தை தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். முடியும்வரை நகரவில்லை.

த. அழுதார். நிஜமாக. பின்வரிசையில் ஒருவர், "இதுவும் ஒத்திகையா?" என்றார்.

வடை நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

தூறல். ஆபீசுக்குக் கிளம்பும்போது த. வந்தார். தனியாக. உட்காரவில்லை. என்னிடம் பேசவில்லை, ச.விடம்தான்.

"பாப்பா, சத்தியமா தெரியாது. வெறும் டேப்புனு நெனச்சேன்."

"வெறும் டேப்புக்குப் பொட்டு எதுக்குண்ணா?"

மழை கூரைத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. த. துண்டை எடுத்தார். வலது தோளிலிருந்து இடது கைக்கு. பாதியில் அவரே கவனித்துவிட்டு, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப என்னா? மாப்ளகிட்ட எல்லாம் இருக்குது. நீ இன்னொரு தடவ பாடு, பதிஞ்சுக்கலாம்."

ச. அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கேசட்டோடு வந்தாள். பழைய பொட்டில் பசை போய்விட்டிருந்தது. தன் நெற்றிப் பொட்டை எடுத்து ஓட்டையின் மேல் வைத்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

"இந்தாங்கண்ணா. இப்ப வெறும் டேப்தான். எடுத்துட்டுப் போய்ப் பேசுங்க."

வாங்கிக்கொண்டார். குடை எடுக்க மறந்து, மழையில் போனார். குடையைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஆபீசுக்கு நேரமாவல?" என்றாள்.