யாருடைய காலடி

மேலப்பாளையம்
18.11.2024

அன்புள்ள தஸ்மியாவுக்கு, அடுத்த வீட்டு ஜமீலா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாமுக்குப் பதில் சொல்வது உன் மேல் கடமை. மற்ற எதற்கும் நீ பதில் போட வேண்டாம்.

உன் கார்டு வந்தது. தபால்காரர், 'இந்தக் காலத்துலயும் கார்டு போட ஆள் இருக்காவளா உம்மா' என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். கோணல் கோணலாக இரண்டே வரி. 'லாத்தா, அந்தக் கதையை நானே வாசித்தேன். வாசலில் வந்தது அவள் புருஷன் இல்லை.' கீழே பெயர்கூட இல்லை. போடத் தேவையும் இல்லை. என்னை அக்காள் முறை வைத்து லாத்தா என்று கூப்பிட இனி உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நான் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு இதை வாசிக்காதே. அதற்காக எழுதவில்லை. முதலில் ஊர் விஷயம்.

பத்து நாளாக மழை. பாபநாசத்தில் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் கலங்கிப் போகிறது. உன் வீட்டு அடுப்படிப் பக்கம் ஓடு விலகி ஒழுகியது. ஆள் விட்டுச் சரி செய்துவிட்டேன். உனக்காகச் செய்யவில்லை. அந்த ஈரம் என் சுவரில் இறங்குகிறது.

லைப்ரரி பாக்கியசீலன் சார் போன மாதம் இறந்துவிட்டார். பாளையங்கோட்டையில் அடக்கம். நான் போயிருந்தேன். அவர் மகன் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, 'அப்பா உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க. வெள்ளைத் துப்பட்டியப் போத்திக்கிட்டு வந்து தத்துவப் புத்தகம் எடுத்துட்டுப் போற அம்மான்னு' என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, உன் கார்டு வந்துவிட்டது.

திருப்பூரில் தம்பி வீட்டில் இருக்கும் நீ ஏழு மாதமாகப் போன் எடுக்கவில்லை. திருப்பூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டாயோ என்று நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டேன். உன் தம்பி மகள் ஷஃபீகாவைக் கூப்பிட்டால், 'மாமிக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காவ' என்கிறாள். போன வாரம் அவளே கூப்பிட்டு, வீட்டை விற்கப்போகிறோம், சாவியைத் தரகரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். நீ சொல்லித்தான் சொல்லுகிறாள் என்றும் சொன்னாள். சாவியைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

அறுபத்தேழு வயதில் நீ எழுத்துப் படித்திருக்கிறாய். ஷஃபீகாதான் சொல்லிக்கொடுத்தாளாம். முதல் முதலாக நீ கேட்டதே அந்தக் கதைப் புத்தகத்தைத்தானாம், அவள் புத்தகக் கண்காட்சியில் தேடிப் பிடித்து வாங்கிவந்தாளாம். நான் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மூன்றாம் வகுப்போடு வாப்பா என்னை நிறுத்திவிட்டார். பலசரக்குக் கட்டிவந்த காகிதத்தை விரித்துவைத்தும், பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தும் நானே எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். குர்ஆன் ஓத நம் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நீ, உன் உம்மா, உன் அண்ணன் பெண்டாட்டி மச்சி மூன்று பேரும் பீடி சுற்ற, நான் வாசிப்பேன். வாசிக்கிறவள் சுற்ற வேண்டாம், அவள் பங்கை மற்றவர்கள் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்பது நாமாக வைத்துக்கொண்ட சட்டம். பாக்கியசீலன் சார் எதைக் கொடுத்தாலும் கொண்டுவருவேன். காதல் கதை என்றால் உன் கை ஓடாது, இலையைப் பிடித்தபடி என் வாயையே பார்ப்பாய். சரித்திரம் என்றால் உன் உம்மாவுக்கு ஆகாது. 'இந்த ராஜாவுக்கு வேற சோலி இல்லியாளா, எப்பப் பாத்தாலும் கோட்டையப் பிடிக்கப் போயிட்டு இருக்கான்' என்பார்கள். திருவிழாவில் காணாமல் போன நாய்க்குட்டியைப் பற்றிச் சின்னப்பிள்ளைகளுக்கு எழுதின புத்தகம் ஒன்று வாசித்தேன். அதற்குத்தான் மூன்று பேரும் அதிகமாக அழுதீர்கள். தத்துவப் புத்தகம் வாசிக்கும்போது புரிகிறதா என்று கேட்டால், 'புரியல, நீ நிப்பாட்டாம படி லாத்தா, கேக்க ஓதுத மாதிரி இருக்கு' என்பாய்.

எழுத்துச் சொல்லித்தா என்று நீ என்னிடமும் கேட்டாய். இரண்டு தரம் கேட்டாய். 'ஒனக்கு எதுக்குளா எழுத்து, நான் ஒருத்தி இருக்கேம்லா' என்றேன். இரண்டு தரமும் சேர்ந்து சிரித்தோம்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். ரங்கூனுக்குக் கப்பலேறிப் போன புருஷனுக்காக மரகதம் காத்திருக்கிறாள். வருஷக்கணக்கில் கடிதம் இல்லை. பக்கத்து ஊர் வாத்தியார் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். அதை நான் வாசித்துக்கொண்டிருந்த மாதத்தில்தான், உன் மாப்பிள்ளை நூர்முகம்மது சவூதியிலிருந்து கடிதம் போடுவதை நிறுத்தி நாலு வருஷம் முடிந்திருந்தது. அம்பாசமுத்திரத்துத் தையல்காரர் தாஜ் முகம்மது, மனைவி மவுத்தாகிப்போய் ஒரு பெண் குழந்தையோடு இருந்தவர், தன் அக்காளை அனுப்பி உன்னைக் கேட்டார். ஜமாத்தில் பழைய நிக்காஹை முறித்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். உன் சம்மதம் மட்டும்தான் வேண்டியிருந்தது. எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். நீ என்னிடம் வந்து, 'இந்தக் கத முடியட்டும் லாத்தா, பொறவு சொல்லுதேன்' என்றாய்.

கதையைக் கேட்டு வாழ்க்கையை முடிவு பண்ணச் சொல்லி நானா சொன்னேன்? இருபத்தாறு வயதுப் பெண் நீ. உனக்கென்று ஒரு புத்தி வேண்டாமா?

கடைசி அத்தியாயத்தில் 'வாசலில் காலடிச் சத்தம் கேட்டது' என்று ஒரு வரி. அதுவரை புத்தகத்தில் இருப்பதுதான். அடுத்த வரியில் வருகிறவர் வாத்தியார். மரகதம் அவரோடு போய் வேறு ஊரில் அடுப்புப் பற்றவைப்பதோடு கதை முடிகிறது. நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். உன் முகம் பிரகாசமாக இருந்தது. குனிந்து, ரங்கூன்காரன் வந்து நிற்கிறான் என்று வாசித்தேன். மிச்சத்தைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நானாகச் சொன்னேன். காத்திருந்தவளுக்கு அல்லா கொடுத்தான் என்று உன் உம்மா கண்ணைத் துடைத்தார்கள். மறுநாள் அம்பாசமுத்திரத்துக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாய்.

புத்தகத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். 'தவணைக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்கே, நீங்க முந்திக் கொண்டுவர ஆள் இல்லியே' என்று பாக்கியசீலன் சார் கேட்டார். எல்லோரும் கேட்டு முடித்தாயிற்று என்றேன்.

இப்போது சொல். சரித்திரம் எழுதுகிறவன் தோற்ற ராஜாவை ஜெயித்ததாக எழுதுகிறான். அவனைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படிக்கிறார்கள். நான் ஒரு காலடியை மாற்றினேன். எனக்கு இரண்டு வரிக் கார்டு. இன்னொன்றையும் கேள். நான் வாசித்தபடிதானே நடந்தது? நூர்முகம்மது வந்தாரா இல்லையா? பதினொரு வருஷம் கழித்து வந்தாலும் அதே வாசலில்தானே வந்து நின்றார்?

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேனாவைத் தொடவில்லை. எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் கை கால் விழுந்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்பது வருஷம் நீ மலமும் மூத்திரமும் அள்ளிப் போட்டாய். அவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் உன்னை வேறு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நீ அந்தப் பெயருக்கு, 'என்ன வேணும்' என்று பதில் கொடுத்துக்கொண்டு போவாய். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், தஸ்மியா. எனக்கு எல்லாம் கேட்கும். அந்தப் பெயர் யாருடையது என்று நீ என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த ஒன்பது வருஷமும் சாயங்காலம் வந்து உனக்கு வாசித்தேன். ஒரு நாளும் தவறவில்லை. நீ கேட்ட எந்தக் கதையிலும் அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. இதற்கு அல்லா சாட்சி.

உன் கார்டு வந்த மறுநாள் நான் அம்பாசமுத்திரம் போனேன். தாஜ் முகம்மதைத் தேடிப் போகவில்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்றுகூட யாரிடமும் விசாரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கத்தான் போனேன். ஒரு மணி பத்து நிமிஷம். கூட்டம் இல்லை, உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரமாக வயலைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம்.

ஒரு மணி பத்து நிமிஷம். வாரத்துக்கு ஒரு தரம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் வந்திருக்கலாம். உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வாசித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. நீ போய்விடுவாய் என்பது மட்டும்தான் தோன்றியது. நீ போய்விட்டால் உன் உம்மாவும் மச்சியும் எனக்காகவா உட்கார்ந்து கேட்பார்கள்? என் வீட்டில் புத்தகத்தைத் திறந்தாலே என் மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விடுவார். நான் வாசிப்பதற்கு வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது நீ ஒருத்தி. உன் நன்மைக்குத்தான் செய்தேன் என்று நாற்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அது வாயில் வரவில்லை.

ஒரு தத்துவப் புத்தகத்தில், ஒருவருக்கு நல்லது என்று நினைத்து அவருக்காக நாம் முடிவெடுத்தால் அதற்குப் பிறகு அது யாருடைய வாழ்க்கை என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தப் பக்கத்தை நான் உங்களுக்கு வாசிக்கவில்லை. எனக்கே புரியவில்லை என்று சொல்லித் தாண்டிவிட்டேன். புரிந்தது.

இன்னொன்று. மரகதத்தின் கடைசி அத்தியாயத்தை நான் வாசித்த அன்று, உன் உம்மாவும் மச்சியும் கதையில் மெய்மறந்து கையை நிறுத்திவிட்டார்கள். என் பங்கையும் சேர்த்துச் சுற்றி முடித்தது நீதான். நூல் கட்டி என் மடியில் கொண்டுவந்து வைத்தாய். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாவி விஷயம். தரகர் முந்தாநாள் வந்தார். 'என்ன உம்மா, அடுத்தவ வீட்டுச் சாவிய வச்சிக்கிட்டு' என்று கேட்டார். அவரை வெறுங்கையோடு அனுப்பினேன். கொடுக்க மாட்டேன். வீடு உன்னுடையது, விற்பது உன் இஷ்டம். ஆனால் சாவியை என் கையில் தந்தது நீ. நீயே வந்து கேள், கொடுக்கிறேன். என்னோடு பேச வேண்டாம். வாசலில் நின்று கையை நீட்டினால் போதும். நீ வருகிற காலடிச் சத்தம் எனக்குத் தெரியும், அதை யாரும் எனக்கு வாசித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இதுவரை நான் உனக்கு எழுதின கடிதம் எல்லாவற்றையும் வேறு யாராவது வாசித்துத்தான் நீ கேட்டிருக்கிறாய். இதை ஷஃபீகாவிடம் கொடுத்துவிடாதே. கண் வலித்தாலும், இரண்டு நாள் ஆனாலும், எழுத்துக்கூட்டி நீயே வாசி. அந்தப் பிள்ளை உன் மேல் உயிராக இருக்கிறாள். உயிராக இருக்கிறவர்கள் வாசித்தால் எந்த இடத்தில் எதை மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது.

அல்லா உனக்கு நீண்ட ஹயாத்தையும், தெளிந்த கண்ணையும் கொடுக்கட்டும்.

ஸலாமுக்கு மட்டும் உன் கையெழுத்தில் பதில் எதிர்பார்க்கும்,
உன் லாத்தா
ஜமீலா பீவி