தடுப்பில் போட்ட போர்வை

அன்பானவருக்கு,

போனில் பேசினால் தடுப்பு வழியே மாமாவுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் எழுதி, மஸ்கட் திரும்பும் டெனிஸ் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாமாவுக்கு மறைவாகவும் இருக்க வேண்டும், அவர் விழுந்தால் எனக்குத் தெரியவும் வேண்டும் என்றுதான், அவர் கட்டிலைச் சுற்றி இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்து அந்தத் தடுப்பை வைக்கச் சொன்னீர்கள். மறுநாளே மாமா அதன்மேல் போர்வையைப் போட்டுவிட்டார். "மருமவ பாத்துக்கிட்டே இருக்க நான் என்ன தொட்டி மீனா?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வெகுநேரம் சத்தமே இல்லை. போர்வையை விலக்கினால், தரையில் கிடக்கிறார். வேட்டி அவிழ்ந்திருந்தது. நான் பத்தடி தள்ளி அடுப்படியில்தான் இருந்தேன்.

"ஒரு சத்தம் கொடுத்தா என்ன மாமா?"

"இந்தக் கோலத்துல உன்னைய எப்படிம்மா கூப்பிடுவேன்? என் மவன்ட்ட சொல்லிராத."

முழங்கையில் சிராய்ப்புதான், பயப்பட வேண்டாம். போர்வையை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். சோறு கொண்டுபோனால், "அங்கன வச்சிட்டுப் போ" என்கிறார். முதுகு ஏறி இறங்குகிறதா என்று சட்டத்தின் வழியே அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எதுவும் தெரியாதவர்போல் பேசுங்கள். நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால், அடுத்த முறையும் என்னைக் கூப்பிடமாட்டார்.

உங்கள் மனைவி