நீல ஷெட்டை மூடிய கொடி

ஜூன் 12, புதன்

இன்றும் அந்த நீலம்தான் முதலில் கண்ணில் பட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் முருங்கை, அதன் பின்னால் ஷெட், ஷெட்டுக்கு மேலே ராஜகிரி. மலையைப் பார்க்க விடாமல் தகரம் பளபளக்கிறது. கடையில் இத்தனை நிறம் இருக்க, என் மகன் மகாவீருக்கு இதுதான் கிடைத்ததா?

அவனைச் சொல்லி என்ன. கட்ட வைத்தவள் நான். போன வருஷம் என் பிள்ளை காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் வாரம், மருமகள் அன்புக்கரசி என் அடுப்பில் முட்டை அவித்தாள். ஜைன வீட்டில், என் பாத்திரத்தில். ஆடித் தீர்த்துவிட்டேன். "உன் சமையல வெளியே வெச்சுக்க" என்று சொன்னது இந்த வாய்தான். அடுத்த வாரமே தோட்டத்தில் ஷெட் எழும்பியது. ஒரு அடுப்பு, ஒரு சிலிண்டர், நாலு பாத்திரம். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் சமையல் அங்கே, படுக்கை மட்டும் வீட்டுக்குள்.

வருகிறவர்கள் எல்லாம் "அங்க இன்னா புதுசா?" என்கிறார்கள். சாமான் போட்டு வைக்க என்கிறேன். சாமான் கொட்டகையில் தாளிக்கிற சத்தம் ஏன் வருகிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

கொடி ஏற்றி மறைத்துவிட வேண்டும்.

ஜூன் 15

அவரைக்கொடி போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். சீக்கிரம் படரும்தான். ஆனால் அசுவினிப் பூச்சி அப்பும், மருந்து அடிக்கச் சொல்வார்கள். அத்தனை உயிரைக் கொன்றுதான் ஷெட்டை மறைக்க வேண்டுமா? சங்குப்பூ காய்ந்தால் வெறும் குச்சியாகத் தொங்கும். முல்லை வைத்தால் வாசத்துக்கே நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

காகிதப்பூ என்றேன். மகாவீர் போனிலிருந்து தலை நிமிரவில்லை. "முள்ளு இருக்குதும்மா. அவ கை கிழியும்."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு ஏன் இப்படி எரிகிறது?

ஜூன் 19

திண்டிவனம் ரோட்டில் ஒரு நர்சரி. நடத்துகிறவர் பெயர் தாண்டவராயன். பூச்சியே வராத கொடி இருக்கிறதா, நாங்கள் மருந்து அடிக்க மாட்டோம் என்றேன்.

"ஊதாப்பூக் கொடி எடுத்துக்கினு போங்கம்மா. பூச்சி அண்டாது. ஆடுகூட வாய் வெக்காது."

ஏன் வைக்காது என்று கேட்கத் தோன்றவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கென்றே முளைத்த செடி என்று பூரித்துப் போனேன். ஆளுயரம் வளர்ந்ததாகப் பார்த்து நாலு தொட்டி ஆட்டோவில் ஏற்றி வந்தேன். மகாவீரைக் கேட்கவில்லை. நானே குழி வெட்டினேன். இடுப்பு கழன்றுவிட்டது.

ஜூலை 7

படரவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை போய்ப் பார்க்கிறேன். இவர் சிரிக்கிறார் — "நீ பாக்கறத பாத்து அது பயந்துக்கிச்சு போல."

ஜூலை 23

பிடித்துக்கொண்டது. ஷெட்டின் பக்கச் சுவர் பாதி பச்சை. அன்புக்கரசி அரிசி கழுவின தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுகிறாள். யாரும் சொல்லவில்லை. எதற்காக நட்டது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

ஆகஸ்ட் 29

மேல்சித்தாமூரிலிருந்து நாத்தனார் ஜினப்பிரியா போன் செய்தார். தசலட்சண விரதப் பத்து நாளில் இரண்டு நாள் இங்கே தங்குகிறாராம். ஐயோ. ஷெட்டின் முன்பக்கம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. கொடியை இழுத்து ஆணியில் கட்டினேன். இரவு தூக்கம் இல்லை.

செப்டம்பர் 11

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

விடிந்ததும் கத்தரியை எடுத்துக்கொண்டு போய், துருத்திக்கொண்டிருந்த கொடியை எல்லாம் வெட்டிச் சீராக்கினேன். வெட்டியது காலடியில் கிடந்தது, அள்ளுவதற்குள் நாத்தனார் வந்துவிட்டார். தோட்டத்தைப் பார்க்கிறேன் என்று நேராக அங்கேதான் நடந்தார். முருங்கையடியிலேயே நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"இன்னா அண்ணி, பூண்டு வாசனை வருது? இந்த நாள்லயா?"

எனக்கும் அடித்தது. நன்றாக அடித்தது. அன்புக்கரசி ஷெட் வாசலில் நின்றாள்.

"நான் பூண்டு வாங்கலைங்க."

"பொய் வேற சொல்றியா?" இது நான். நாத்தனார் முன்னால், அவர் கேட்பதற்கு முன்னால் முந்திக்கொண்டு கேட்டேன். "பத்து நாள் அடக்க முடியாதா உனக்கு? எங்க வீட்டு மானத்த வாங்கணும்னே வந்தியா?" இன்னும் என்னென்னவோ.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். மத்தியானம் பையோடு பனமலைக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 12

கையில் வாசம் போகவில்லை. சோப்பு, சீயக்காய், புளி எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் பூண்டைத் தொட்டதே இல்லை. என் விரலில் எப்படி?

பிறகு போய்க் கொடியில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். அதே பூண்டு வாசம்.

செடிதான். நான் நட்டது. நான் வெட்டியது.

செப்டம்பர் 14

யாருக்கும் சொல்லவில்லை. மகாவீர் சாப்பிட வருவதில்லை, வெளியே எங்கேயோ சாப்பிடுகிறான். இன்று சட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: "முட்டைக்கு அன்னிக்கு நீ திட்னதுலேர்ந்து அவ முட்டையும் வாங்கல, பூண்டும் வாங்கல. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. ஒரு நாளாவது அந்த ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 21

சொல்லிவிடலாம். நாளைக்கு.

செப்டம்பர் 22

நாளைக்கு.

அக்டோபர் 2, புதன்

பனமலைக்குப் போகத் துணிந்து பஸ் ஸ்டாண்டு வரை போனேன். போன பிறகுதான் உறைத்தது — அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம். எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கூட்டத்தைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்டவள்.

அக்டோபர் 5

முதலில் நாத்தனாருக்குப் போன் போட்டேன். பூண்டு இல்லை, கொடி, தப்பு என்னுடையது என்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை.

அக்டோபர் 6

பனமலை போனேன். அவள் அப்பா முருகையன் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். அன்புக்கரசி மோர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையாக வந்தது, அழுதேன்.

"அது செடின்னு அன்னிக்கே தெரியும் அத்தை. பூண்டு தின்னு வளந்தவ நான், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்மா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மோரைக் கீழே வைத்தேன். இல்லை, நம்பியிருக்க மாட்டேன். இன்னொரு பொய் என்று அதற்கும் சேர்த்துத் திட்டியிருப்பேன். அதை அவளிடமே சொன்னேன். தலையை ஆட்டினாள். கூட வா என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 20

மகாவீர் தனக்கும் அவளுக்கும் சத்திரத் தெருவில் மாடி வீடு பார்த்துவிட்டான். ஒரு ரூம், ஒரு சமையலறை. அடுப்பையும் சிலிண்டரையும் மினி லாரியில் ஏற்றினான். இவர் கூடப்போய்ப் பிடித்தார். "எங்க வேணா இருங்கடா, நல்லா இருங்க" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 9

கொடி பூத்துவிட்டது. கொத்துக் கொத்தாக ஊதா. கூரை வரை ஏறி மூடிவிட்டது, ஒரு விரல் அளவு நீலம்கூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மீனம்பாள் எட்டிப் பார்த்து, "உங்க வூட்டுத் தோட்டம் எவ்ளோ அழகா இருக்குது" என்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மத்தியானம் மகாவீர் போன். "அவ உங்க ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்றா. அஞ்சு மணிக்கே வந்துடுங்க. பொழுது சாஞ்சா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு இப்பவே ஒலை வெச்சுட்டா."

போனோம். சாதம், கத்தரிக்காய்க் குழம்பு, அவரைப் பொரியல், ரசம். வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டாள். எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரில் நின்று பரிமாறினாள். இன்னும் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்றேன். வைத்தாள்.

பதினான்கு மாதம் என் வீட்டில் இருந்தவள். அவள் கையால் இன்றுதான் முதல் தடவை சாப்பிட்டேன்.