செத்துப்போனதாகச் சொன்ன நெய்தல்

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே மே மாதம் மாதிரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு இருபது நிமிடம். வலது முட்டி இன்றும் வீக்கம்.

லேபில்: ஸ்லைடு இரண்டு பெட்டி கழுவியது. சிவப்புச் சாயம் காலி, எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழாம் நம்பர் மைக்ராஸ்கோப் மறுபடி ரிப்பேர்.

மதியம் ஹெச்.ஓ.டி. மேடம் கூப்பிட்டார். பாட்டனி பிளாக் பின்னாலிருக்கும் சிமென்ட் தொட்டியை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்களாம். அங்கே டூவீலர் ஸ்டாண்ட். தொட்டியில் என் நெய்தல். என் என்று எழுதிவிட்டேன். கல்லூரியின் நெய்தல். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ முக்கொம்பு பக்கத்து வாய்க்காலிலிருந்து பிடுங்கி வந்து வைத்தது. இருபத்தோரு வருடமாகப் பார்த்துக்கொள்வது மட்டும் நான்.

"விஜயா, தேர்ட் இயர் ப்ராக்டிகல் வரைக்கும் அதை எப்படியாவது உயிரோட வெச்சிருங்க. உங்க வீட்டு மாடியில இடம் இருக்குல்ல?"

"இருக்குங்க மேடம்."

"செடி தப்பிச்சா கிரீன் ஹவுஸ் பக்கம் புதுத் தொட்டி கேட்டு லெட்டர் எழுதறேன். செடின்னு ஒண்ணு இருந்தாத்தான் கேக்கவே முடியும்."

சரிங்க மேடம் என்றேன். வேறு என்ன சொல்லிப் பழக்கம் எனக்கு.

மார்ச் 5, வியாழன்

தொட்டியைக் காலி செய்தேன். உள்ளே இறங்கியபோது முட்டி வலியில் உயிர் போயிற்று. சேற்றில் கைவிட்டால் கிழங்கு முக்கால்வாசி அழுகல். நாற்றம். நல்லதாக மிஞ்சியது எலுமிச்சை அளவில் ஒரே துண்டு. நாலு இலை, ஒரு மொட்டு. இலை மேலே பச்சையாக இருந்ததைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்திருக்கிறேன்.

பெயின்ட் வாளியில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, மீனா?"

"செடிங்க."

"அதுக்கு டிக்கெட் கேக்க மாட்டேன். மேல ஊத்திடாதீங்க, அது போதும்."

காவேரிப் பாலத்தில் நெரிசல். வாளி மடியில். புடவை முழங்கால் வரை ஈரம். வீட்டுக்கு வந்து படுத்தவள் எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். இவர் ரசம் வைத்திருந்தார். உப்பு இல்லை. சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

மாடி வேலை:
– நீல டிரம்மைப் பாதியாக அறுத்தது (இவர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர், அறுக்கச் சொன்னால் சந்தோஷம்)
– கொள்ளிடக் கரையிலிருந்து களிமண், இரண்டு சாக்கு
– மக்கிய சாணி, அடியில் மட்டும்
– மேலே ஒரு விரல் கனம் மணல், இல்லையென்றால் தண்ணீர் கலங்கும்
– குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை. ஒருநாள் வெயிலில் வைத்துப் பிறகு ஊற்றியது
– கொசுவுக்காகக் கப்பி மீன், ஆறு

ஆழம்தான் போதாது. கல்லூரித் தொட்டியில் இலைத்தண்டு ஒரு முழத்துக்கு மேல் போகும். இங்கே ஒரு சாண் வந்தால் அதிகம்.

எதிர் வீட்டு வைதேகி மாமி வடாம் காய வைக்க வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நீலோத்பலமோன்னோ இது! நம்மாத்து மாடியில! பாக்கியம்." ஆமாம் மாமி என்றேன். பேசத் தெம்பில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மேடம் போன். கிழங்கு அழுகியதைச் சொன்னேன்.

"விதை ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"விதையா மேடம்?"

"பூ முடிஞ்சதும் தண்டு வளைஞ்சு தண்ணிக்குள்ள போகுமே, காய் பிடிக்கும். காய் வெடிச்சா விதை மேல மிதக்கும். நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, சுருங்கின பூவை அன்றன்றே கிள்ளி எறிந்தவள் நான். சேர்ந்த புதிதில் இருந்த பிரின்சிபால் ஒருமுறை நின்று பார்த்து "நீட்டா வெச்சிருக்கே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இருபத்தோரு வருடம் கிள்ளியிருக்கிறேன். எத்தனை நூறு பூ. ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அந்த வம்சத்துக்கு மிச்சம் டிரம்மில் இருக்கும் ஒரு துண்டு.

மார்ச் 11, புதன்

மொட்டு விரிந்தது! காலை எட்டரைக்கு. நீலம், நடுவில் மஞ்சள். பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். லேட் மார்க் விழுந்தது, விழட்டும்.

இந்தப் பூவைக் கிள்ளப் போவதில்லை. இவரிடமும் சொல்லியாயிற்று.

மார்ச் 12, வியாழன்

பூவைக் காணோம். தண்டு மொட்டையாக நிற்கிறது.

இவரைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் பேப்பர் படிச்சுட்டு இருந்தேன்." மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமி சிரித்த முகமாக வந்தார்.

"நான்தாம்மா பறிச்சேன். ஸ்நானம் பண்ணிட்டு மேல போனேனா, அப்படி ஒரு பூ! நம்ம பெருமாள் திருவடியில சாத்தினேன். வந்து சேவிச்சுக்கோயேன்."

"கேக்காம எப்படி மாமி பறிச்சீங்க? விதைக்கு விட்டிருந்தேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"பெருமாளுக்குப் பறிக்கறதுக்குக் கேக்கணுமாம்மா?"

"செடி என்னோடது மாமி!"

சத்தம் போட்டுவிட்டேன். படியில் போன கீழ்வீட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். மாமியின் முகம் சிறுத்துப்போயிற்று. "அபசாரம் பண்ணிட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

படுத்தபிறகு நினைத்துப் பார்க்கிறேன். மாமி கிள்ளியது ஒன்று, அதையும் சாமி காலில் வைத்தார். நான் கிள்ளியதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போனது. கத்துவதற்கு எனக்கு வாய் ஏது.

மார்ச் 14, சனி

மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். என் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு மாமி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, "இன்னொரு மொட்டு இருக்கு, தெரியுமோ? இலைக்கு அடியில." எனக்குத் தெரியாது. ஓடினேன் (முட்டியோடு). இருக்கிறது. பட்டாணி அளவு.

மார்ச் 18, புதன்

இரண்டாவது பூ விரிந்தது. முதல் நாள்.

நான் கிளம்பும்போதே மாமி மாடியில் ஆஜர். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, சேவிக்கிற புஸ்தகம், ஃபிளாஸ்க். "நீ ஆபீஸுக்குப் போ. காக்கா, குரங்கு, கீழாத்துக் குழந்தைகள், ஒண்ணு கிட்டக்க வரட்டும், பாக்கறேன்." மாமியிடமிருந்து காப்பாற்ற வேண்டிய பூவுக்கு மாமியே காவல். சிரிப்பு வந்தது. இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

மார்ச் 20, வெள்ளி

பூ மூடிக்கொண்டது. சாயங்காலம் தண்டு லேசாகச் சாய்ந்திருந்தது. விரல் தானாகக் கிள்ளப் போனது, நிஜமாகவே போனது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

பங்குனிக் கூட்டம் ஆரம்பம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

தண்டு வளைந்து தண்ணீருக்குள் போய்விட்டது. மாமி மூக்கு தண்ணீரில் படுமளவு குனிந்து பார்த்து, "உள்ள போயிடுத்து, உள்ள போயிடுத்து" என்று கைதட்டினார். எழுபது வயது. நானும் குனிந்து பார்த்தேன். அடியில் சின்னதாக, பச்சையாக, குண்டாக.

இலை நாலு. ஒன்றைப் புழு வட்டமாக வெட்டியிருக்கிறது. புழுவை எடுத்துப் போட்டேன்.

மார்ச் 23, திங்கள்

ப்ராக்டிகல் வியாழக்கிழமை. நாற்பது பெண்கள். ஆளுக்கு ஒரு விரல் நீளம் இலைத்தண்டு வேண்டும். பிளேடால் மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே வட்ட வட்டமாகக் காற்று அறைகள் தெரியும். அதை வரைந்து மார்க் வாங்குவார்கள். கல்லூரித் தொட்டியில் ஐந்தாறு தண்டு வெட்டினால் போதும், செடிக்கு வலிக்காது. என் டிரம்மில் நாலே தண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண். நாலையும் வெட்டினாலும் பாதிப் பேருக்குக் காணாது. இலை இல்லாமல் கிழங்கும் பிழைக்காது, காயும் முற்றாது.

இதையெல்லாம் மேடத்திடம் சொல்லத்தான் போனேன். வராந்தாவில் எதிரே வந்தார். கையில் கேள்வித்தாள் கட்டு, அவசரம்.

"விஜயா, வியாழக்கிழமை ஸ்பெசிமன் ரெடிதானே?"

"செடி செத்துடுச்சு மேடம்."

வாய் சொல்லிவிட்டது. மேடம் அப்படியே நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அடடா... நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். சரி, உய்யக்கொண்டான் வாய்க்கால்ல ஆகாயத்தாமரை கிடக்கும், அள்ளிட்டு வந்துடுங்க, அதுலயும் தெரியும். நான் அந்தத் தொட்டி லெட்டரை நிறுத்திடறேன். இனிமே எதுக்கு?"

சரிங்க மேடம் என்றேன்.

நல்ல மனுஷி. உள்ளதைச் சொல்லியிருந்தால் இலையை வெட்டாதீங்க என்று அவரே சொல்லியிருப்பார். ஏன் சொல்லவில்லை? விளக்கம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, இன்றைக்கு அதற்கும் தெம்பில்லை. காயைக் காப்பாற்றப் போய் அது வளர வேண்டிய தொட்டியைத் தொலைத்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

ப்ராக்டிகல். காலை ஆறரைக்கு உய்யக்கொண்டான் கரை. சேறு, பிளாஸ்டிக், நாய். ஒரு கோணி ஆகாயத்தாமரை.

பெண்கள் நன்றாகத்தான் வெட்டினார்கள். ஒரு பெண் மட்டும், "அக்கா, சீனியர்ஸ் எல்லாம் நெய்தல்தான் வரும்னு சொன்னாங்களே?"

"செத்துடுச்சுப்பா."

இரண்டாவது தடவை சுலபமாக வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

ஸ்டாக் ரிஜிஸ்டர். மேடம் கையெழுத்தில்: நெய்தல், ஒன்று, இறந்துவிட்டது, நீக்கப்பட்டது. கீழே என் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன்.

மதியம் தொட்டியை இடித்தார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்லைடு கழுவினேன். கழுவின ஸ்லைடையே மறுபடியும் கழுவினேன்.

வீட்டில் இவர்: "என்ன, முகம் இப்படி இருக்கு?" வெயில் என்றேன்.

ஏப்ரல் 4, சனி

காய் எலுமிச்சை அளவு. இலை ஆறு. மாமிக்கு நான் சொன்ன பொய் தெரியாது. "உங்க காலேஜ்ல ரொம்ப சந்தோஷப்படுவாளே!" என்கிறார். துணி காயப்போட வந்த மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காலை ஐந்தரைக்கு மாமி கதவை இடிக்கிறார். "விஜயா! மேல வா! மிதக்கறது!"

டிரம் முழுக்க விதை. வழவழவென்று பாகு மாதிரி ஒன்றில் ஒட்டிக்கொண்டு, உள்ளே கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக. இன்றைக்கே மூழ்கிவிடும், அதற்குள் அள்ள வேண்டும். கப்பி மீன்கள் வேறு கொத்துகின்றன. கைக்குக் கிடைத்ததெல்லாம் எடுத்தோம்: இட்லிப் பானை, குக்கர், இவருடைய ஷேவிங் மக், மாமி வீட்டு வெண்கல உருளி ("பெருமாள் பாத்திரம்தான், பரவாயில்லை"), ஊறுகாய் ஜாடி, ஹாட்பேக்.

இவர் அடுக்களையில் நின்று பார்த்தார். "அப்ப சாம்பார் எதுல வைக்கிறது?"

மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பொட்டுக்கடலையும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். லீவு சொல்லிவிட்டேன், காய்ச்சல் என்று. அதுவும் பொய். அழுகை வந்தது. இவரிடமும் மாமியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமி, "நாளைக்கே போய்ச் சொல்லிடு" என்றார். இவர், "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார். தெரியவில்லை. இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

டிபன் டப்பாவில் சோறு இல்லை. தண்ணீர், விதை. பஸ்ஸில் மடியில் வைத்து, மூடியை அழுத்திப் பிடித்தபடி. சொல்ல வேண்டியதைப் பாலம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் நினைவில்லை.

மேடம் மேசையில் வைத்துத் திறந்தேன். எட்டிப் பார்த்தார். விசிறி சுற்றியும் அவர் நெற்றியில் வேர்வை.

"காய்ச்சல் தேவலையா விஜயா? இதென்ன, சப்ஜா விதையா? எனக்கா? இந்த வெயிலுக்கு இதத்தான் தேடிட்டு இருந்தேன்."

டிராயரைத் திறந்து ஸ்பூனை எடுத்தார்.

"குடிச்சிடாதீங்க மேடம்," என்றேன். "அது சாகலை."