சின்னவளின் பெஞ்சில் என் இடம்

அன்புப் பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குத் தூங்கி, வேலை பார்க்கிற இடத்தில் யாரோடும் முறைத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே உன் அம்மா நலம், சின்னவள் நலம், நானும் வலது காதுக்கு மேலே இருக்கிற புடைப்பைத் தவிர மற்ற இடமெல்லாம் நலம். கதவில் இடித்துக்கொண்டார் என்று உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள். அது என் மானத்தைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய். நான் கதவில் இடித்துக்கொள்ளவில்லை, கதவுதான் என்னை இடித்தது, இடிக்கும்போது என் காது அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆமாம் கண்ணு, ஐம்பத்திரண்டு வயசில், ஊருக்கே கண்ணைப் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற உன் அப்பன் ஆஸ்பத்திரியில் ஒரு மூடின கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். உள்ளே ஒன்றும் ராஜாங்க ரகசியம் பேசவில்லை. பேசிக்கொண்டிருந்தது நம் சின்னவள்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. அவள் பிறந்த மறுநாள் ஆபரேஷன் செய்தார்களே, அதே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். உனக்கு அப்போது பதிமூன்று வயசு, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஓடினோம், என்ன ஏது என்று உனக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதாக ஞாபகமில்லை, இப்போதாவது சொல்கிறேன். அவளுக்கு உணவுக்குழாய் தொண்டையிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கி முட்டுச்சந்து மாதிரி நின்றுவிட்டது. வயிற்றிலிருந்து மேலே வரவேண்டிய மிச்சத் துண்டு வழி தவறிப் போய் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து இதோடு சேர்த்துத் தைத்தார்கள். தைத்த இடம் அப்புறமும் குறுகிக் குறுகிப் போக, அதை விரிப்பதற்கு எத்தனை தடவை போய் வந்தோம் என்று உனக்கே தெரியும். இப்போது அந்தத் தொல்லை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ரொட்டி, ஆப்பிள், இறைச்சி மாதிரி சமாசாரங்கள் மட்டும் மெதுவாகத்தான் இறங்கும், கூடவே தண்ணீர் வேண்டும், இருமினால் எந்த நாய் குரைக்கிறது என்று புது ஆட்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். மற்றபடி பத்து வயசுக்கு இருக்கவேண்டிய வாயும் வம்பும் குறையாமல் இருக்கின்றன.

எடை பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தது உன் வயசில் ஒரு டாக்டர் பெண். இப்படிப் பிறந்து பிழைத்த குழந்தைகளை அளக்கிறோம் சார் என்றாள். உயரத்தையா என்று கேட்டேன். "இல்ல சார், வாழ்க்கையை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என் வாழ்க்கையை அளந்தால் எந்த ஸ்கேலிலும் நிற்காது என்றேன், அவள் சிரிக்கவில்லை. சாப்பாடு, விளையாட்டு, சிநேகிதர்கள், முதுகில் இருக்கிற தழும்பு, தூக்கம், எல்லாவற்றைப் பற்றியும் கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதில் ஆரம்பித்து 'எப்போதும்' வரைக்கும் ஐந்து கட்டம். பெற்றவருக்கு ஒரு அறை, பிள்ளைக்கு ஒரு அறை, கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே திருட்டில் பிடித்த இரண்டு பேரைத் தனித்தனியாக விசாரிக்கிற மாதிரி இருந்தது. உன் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நல்லதாகப் போயிற்று, அளப்பது என் தொழில்தானே, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன்.

தொழில் தெரிந்தவன் செய்த லட்சணத்தைக் கேள். 'அடிக்கடி' என்பதற்கும் 'எப்போதும்' என்பதற்கும் நடுவில் ஒரு கட்டம் வேண்டுமென்று கேட்டேன். இல்லை என்றாள். ஓரத்தில் எழுதட்டுமா என்றேன். எழுதக்கூடாது என்றாள், எழுதினேன். உங்கள் பிள்ளை சாப்பிடும்போது பயப்படுகிறதா என்று ஒரு கேள்வி. 'எப்போதும்' என்று அழுத்தி டிக் அடித்தேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பயப்படுறது அவங்களா சார், நீங்களா?" என்று கேட்டாள். ரெண்டும் ஒண்ணுதாம்மா என்றேன். "ரெண்டுக்கும் தனித்தனி தாள் வெச்சிருக்கோமே சார்" என்று சொல்லிவிட்டுச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் நாற்காலியில் உட்கார்ந்தேன், அப்புறம் கதவுப் பக்கத்து நாற்காலிக்கு மாறினேன், அப்புறம் கதவுப் பக்கத்தில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தை மிகுந்த அக்கறையோடு நின்று படித்தேன். படத்தைப் படிக்கக் காது எதற்கு என்று நீ கேட்பாய். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சாப்பாடு சிக்குமா என்றதற்கு, "எப்பவாச்சும். தண்ணி குடிச்சா போயிடும்" என்கிறாள். தழும்பைப் பற்றிக் கேட்டதற்கு, சுறா கடித்தது என்று வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறாளாம், பாதிப் பேர் நம்புகிறார்களாம். நான் 'அடிக்கடி', 'எப்போதும்' என்று கண்ணீரும் கம்பலையுமாக நிரப்பின தாளுக்கும் இந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது, சாப்பிடும்போது தனியாக இருப்பதுபோல் தோன்றுமா என்று. காதை இன்னும் அழுத்தினேன். "ஸ்கூல்ல எப்பவும்" என்றாள். "அப்பா உக்கார்ற பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க. அவரு எல்லார் வாயையும் பாப்பாரு."

இந்த இடத்தில் உனக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவள் பள்ளியில் சேர்ந்த வருஷம் மதியம் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன் என்று உனக்குத் தெரியும். அது இன்னும் நிற்கவில்லை. மதியமானால் கடை வாசலில் 'சாப்பாட்டு இடைவேளை' பலகையை மாட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடுவேன். இவ்வளவு நேரம் என்னதான் சாப்பிடுவாரோ, மனுஷனுக்கு வயிறா பீப்பாயா என்று தெருவில் எனக்குப் பெயர். பள்ளியிலோ குழந்தைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்து அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். போரடித்தால் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மெல்லச் சொல்லிக்கொடுப்பேன், ஒரு குண்டுப் பையனை இரண்டு தடவை துப்பவைத்து மறுபடி மெல்லவைத்திருக்கிறேன். பெஞ்சு ஏன் காலியாகிக்கொண்டே போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இடம் தாராளமாக இருக்கிறது, சின்னவள் வசதியாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். போதுமா? உன் அம்மா எத்தனையோ தடவை சொன்னாள், "விடுங்க, அவ உங்களவிட நல்லா முழுங்குறா" என்று. நான் விடவில்லை.

டாக்டர் பெண் மெதுவாக, இதை அப்பாகிட்ட சொன்னியா என்று கேட்டாள். அதற்குச் சின்னவள் சொன்னதைத்தான் நான் இப்போது தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஐயோ, சொல்லக் கூடாது. பாவம், அவரோட உக்காந்து சாப்பிட வேற யாருமே இல்ல. என்கிட்ட அவரே சொன்னாரு."

சொன்னேன்தான். ஒரு நாள் ஏம்ப்பா தினமும் வர்றீங்க என்று கேட்டாள். உனக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது என்றா குழந்தையிடம் சொல்வது? தனியாகச் சாப்பிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். அவள் அதை அப்படியே நம்பி, ஒரு சிநேகிதிகூடப் பக்கத்தில் வராத பெஞ்சில், சிநேகிதர்களே இல்லாத ஒரு பாவப்பட்ட மனுஷனுக்குத் துணையாக இத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள் பெரியவளே. யார் யாருக்குத் துணை என்று யோசித்துக்கொண்டு நின்றேனா, அந்தப் பெண் வேறு பேனா எடுப்பதற்காகக் கதவை வெளிப்பக்கமாகத் தள்ளினாள். என் கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "சார், பிள்ளைங்க சொல்றது பெத்தவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் கதவே வெச்சிருக்கோம்" என்றாள். நான் அசடு வழிந்தேன். என் கடையில் குழந்தைக்குக் கண் பார்க்கும்போது, "அதெல்லாம் அவனுக்கு நல்லா தெரியும் சார்" என்று பதில் சொல்கிற அம்மாக்களை நானேதான் வெளியே போய் உட்காரச் சொல்வேன். பார்க்கிற கண் யாருடையதோ அவர்தானே சொல்லவேண்டும். என்னை ஒருத்தி வெளியே உட்கார வைப்பாள் என்று நினைக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழியில், "எவ்ளோ கேட்டுச்சு?" என்றாள். கொஞ்சம்தான் என்றேன். என் புடைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கேட்டதுக்கு இவ்ளோ வீங்காது" என்றாள். அப்புறம் பெரிய மனுஷி மாதிரி யோசித்து, "வேணும்னா வெள்ளிக்கிழமை மட்டும் வாங்கப்பா" என்று எனக்குப் பிச்சை போட்டாள். வேண்டாம் கண்ணு, எனக்கு ஆள் இருக்கிறது என்றேன். யாரு என்றாள். பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பொய்யாகக்கூடாது என்று மறுநாள் மதியம் நிஜமாகவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போய் நின்றேன். இத்தனை வருஷம் சுவரை ஒட்டிக் கடை வைத்திருக்கிறோம், அந்த மனுஷன் இடது கையால் சாப்பிடுகிறவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடிகாரத்தோடே இருப்பதாலோ என்னவோ அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு நொடியில் முடித்துவிடுகிறார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார் என் கழுத்தையே பாக்குறீங்க, செயின் எதும் தொங்குதா?" என்று கேட்டார். மென்னு சாப்பிடுங்க என்றேன். என் சம்சாரம்கூட இதைச் சொன்னதில்லை என்றார்.

அந்த வாரமே பள்ளியிலிருந்து மதிய நேரத்தில் போன். எடுத்ததும் டீச்சர், "சின்ன விஷயம்தான் சார்" என்றார், அதற்குமேல் நான் கேட்கவில்லை, ஓடினேன். ஒரு பெரியவருக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டி, கீழ் வரியைப் படியுங்கள் என்று சொல்லி உட்கார வைத்திருந்தேன், அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். விளையாட்டு ஷூவை வீட்டில் மறந்து வந்துவிட்டாளாம், அதற்குத்தான் போன். அதைக் கேட்டு மூச்சு வாங்கிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று பார்த்தேன். பெஞ்சு நிரம்பி வழிகிறது. நடுவில் இவள். நான் பார்க்கப் பார்க்கவே ரொட்டி சிக்கி அந்த நாய்க் குரைப்பு இருமல் வந்தது. என் கால் தானாக உள்ளே போகப் பார்த்தது. பக்கத்திலிருந்த பெண் பேச்சை நிறுத்தாமலே தண்ணீர் டம்ளரை இவள் பக்கம் தள்ளினாள், இன்னொருத்தி இவள் இருமி முடிக்கும்வரை கதையை நிறுத்திவைத்தாள், இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றாள். அவ்வளவுதான். நான் திரும்பிவிட்டேன். கடைக்கு வந்தால் பெரியவர் அப்படியே உட்கார்ந்து, கீழ் வரியைப் பதினைந்து தடவை படித்துவிட்டேன், பாஸா ஃபெயிலா என்கிறார்.

ஆக, நான் திருந்திவிட்டேன். பள்ளிப் பக்கம் மதியம் தலைகாட்டுவதில்லை, சின்னவள் தானே சாப்பிட்டு, சிநேகிதிகளோடு சண்டையும் போட்டு, சந்தோஷமாக இருக்கிறாள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, நானே சரிசெய்கிறேன் என்று சொன்னதிலிருந்து இன்னும் வேகமாக ஒழுகுகிறது. நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாதே. இரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலை பார்க்காதே, உன் பவர் கூடியிருக்கும், வரும்போது பார்க்கிறேன். போனில் எப்போதும் என்ன சாப்பிட்டாய் என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிட்டேன். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று எழுது. உள்ளதை எழுது, அப்பனுக்காகக் கூட்டிக் குறைக்காதே. சின்னவள் பிறந்தபோது பக்கத்து வீட்டில் நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்றும் முடிந்தால் எழுது, அதை அப்போது கேட்கவே இல்லை.

எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க, நிறைவாக இரு. அம்மாவுக்குச் சனிக்கிழமை போன் செய்ய மறக்காதே, செய்யாவிட்டால் திட்டு எனக்குத்தான் விழும்.

என்றும் உன் நலத்தையே நினைக்கும்,
அப்பா

சொல்ல மறந்துவிட்டேன். கடிகாரக்காரர் கடையில் இரண்டு பேர் உட்கார இடம் போதவில்லை என்பதால், நாங்கள் இப்போது மதியம் பள்ளிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டுக் கூடத்தின் மூன்று ஜன்னல்களும் தெளிவாகத் தெரிகின்றன.