சரிவில் உருட்டிவிட்ட கற்கள்

அன்புள்ள செங்கமலத்துக்குக் கோதண்டன் எழுதுவது. காக்ஸ் டவுனில் நான் ராஜா போல இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

நான் தோட்ட வேலை பார்க்கும் ஜோசஃபின் டீச்சர் வீட்டுச் சரிவுத் தோட்டம் முழுக்க, பழைய வீட்டை இடித்த சுண்ணாம்புக்காரை கலந்த மண். நான் நட்ட இட்லிப்பூச் செடியெல்லாம் வெளுத்துவிட்டது.

"என்னப்பா, செடிக்கெல்லாம் மஞ்சக்காமாலையா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வழி பண்ணு, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் டீச்சர்.

விடுவேனா? மண்ணில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், அதிலிருந்த சுண்ணாம்பு சோடா போலப் பொங்கியது. "காமாலை மண்ணுக்குத்தாம்மா!" என்றேன். தெருவே கைதட்டியது.

சுண்ணாம்புக்கு அஞ்சாத காகிதப்பூ, நித்தியகல்யாணி, உண்ணிப்பூ வாங்கினேன். டீச்சருக்கோ எல்லாம் தானாக முளைத்த மாதிரி தெரிய வேண்டும். மேலிருந்து கூழாங்கற்களை உருட்டிவிட்டு, அவை நின்ற இடத்திலெல்லாம் குழி எடுத்தேன். கற்களோடு நானும் கொஞ்சம் உருண்டேன். ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்புதான். நான் போய் விழுந்த இடத்தில் இப்போது சிவப்புக் காகிதப்பூ நிற்கிறது!

"காடு மாதிரியே இருக்குப்பா. இனிமே நீதான் இங்க" என்றார் டீச்சர். லால்பாக் பூங்காவிலிருந்தே பார்க்க வருகிறார்களாம்.

மேல் ஓரத்துக்கு ஆவாரம்பூ வேண்டும். நம் ஏரிக்கரையில் காய் முற்றிக் காய்ந்திருக்கும். விதையைப் பார்சலில் அனுப்பாதே, மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்று இங்கே பெரிய பெரிய தோட்டக்காரர்களே சொல்கிறார்கள். முந்தானையில் முடிந்துகொண்டு நீயே பஸ் ஏறி வா. முளைக்கிறவரை இருந்துவிட்டுப் போகலாம்.

டீச்சர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் கோதண்டன்